அனொட்டேஷன்: குறிப்புரையா, ஓரக்குறிப்பா?

'பிள்ளைகளை டெக்ஸ்டை அனொட்டேட் பண்ணச் சொல்லுங்கள்' என்பது ஆசிரியர்களிடையே இப்போது புழங்கும் பேச்சு. படிக்கும்போதே பக்கத்தின் மேலேயே குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? சிறுகுறிப்பு, குறிப்புரை, உரைவிளக்கம் என்று பல சொற்கள் கிடக்கின்றன.

லத்தீனில் 'நோட்டா' என்றால் அடையாளம், குறி. அதன் வினைக்கு முன்னால் 'ஆட்' என்ற முன்னொட்டு சேர்ந்து, ஒன்றன்மேல் குறி இடுதல் என்ற பொருளில் 'அன்னொட்டாரே' ஆனது. (நம் பள்ளி நோட்டும் ரூபாய் நோட்டும் அந்த நோட்டாவின் பேரப்பிள்ளைகள்தான்.) தமிழிலும் 'குறி'யிலிருந்துதான் 'குறிப்பு'. ஆகவே அதில் தகராறு இல்லை. பின்னால் ஒட்டும் 'உரை'யில்தான் சிக்கல்.

நம்மிடம் உரை பெரிய சொல். நன்னூல் அதற்குப் பதினான்கு கூறுகள் சொல்லி, காண்டிகை (சுருக்கமான உரை), விருத்தி (விரிவான உரை) என்று வகையும் பிரிக்கிறது. பெயர் தெரியாத ஒருவர் சிலப்பதிகாரத்தின் அரிய சொற்களுக்குப் பொருள் எழுதிய அரும்பதவுரையை, அடியார்க்குநல்லார் உரையோடு சேர்த்து 1892இல் உ.வே.சா. பதிப்பித்தார். குறிப்புரையும் அந்தக் குடும்பம்தான்: படித்து முடித்தவர், படிக்கப்போகிறவருக்கு எழுதுவது. மாணவர் எழுதுவதோ படிக்கும்போதே, தனக்காக.

குறுந்தொகை 3ஆம் பாட்டை ஒரு மாணவியிடம் பென்சிலோடு கொடுத்துப் பாருங்கள். 'நிலத்தினும் பெரிதே' என்ற இடத்தில், ஓரத்தில் 'எது?' என்று எழுதுவாள். 'வானினும் உயர்ந்தன்று' என்பதன் கீழே கோடு போட்டு, 'உயரவில்லையா?' என்பாள். தவறுதான், இங்கே 'அன்று' எதிர்மறை இல்லை, உயர்ந்தது என்றே பொருள். ஆனாலும் ரப்பரை நீட்டாதீர்கள். அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதட்டும், எங்கே வழுக்கினோம் என்பதும் தெரியவேண்டுமே. அப்புறம் 'கருங்கோல்', குறிஞ்சிப்பூ, தேன் எல்லாம் கடந்து கடைசிச் சொல்லுக்கு வருவாள்: 'நட்பே'. அங்கிருந்து மேலே அந்த 'எது?'வுக்கு ஓர் அம்பு. எது பெரியது என்பதைத் தலைவி நான்கு அடியும் முடியும்வரை சொல்லாமலே வைத்திருக்கிறாள் என்பது அந்த அம்பில்தான் பிடிபடும். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் பூசினால் இது கிடைக்காது. கல்லூரியில் நான் அப்படித்தான் பூசினேன். எல்லாமே முக்கியம் என்று ஆகிவிட்டது.

இதற்கு 'ஓரக்குறிப்பு' என்பதே என் தேர்வு. பதிப்பாசிரியர் தருவதற்குக் குறிப்புரை இருக்கட்டும். வினைச்சொல்லாகக் 'குறிப்பிடு' உதவாது, அது வேறு பொருளுக்குப் போய்விட்டது. 'குறித்துக்கொண்டே படி' என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். பாடநூல் அடுத்த ஆண்டு தம்பிக்குப் போகிற வீட்டில் அம்மா திட்டுவார்தான். அங்கே பாட்டை மட்டும் தனித்தாளில் எழுதி, இருபுறமும் நாலு விரல் இடம் விட்டுக் கொடுத்தால் போதும்.