பழைய காம்பாக்ட் எஸ்.யூ.வி.யில் என்ஜின் மாற்ற சட்டம் எந்த அளவுக்கு இடம் தருகிறது?

மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் நிறைய ஓடுகின்றன. 2013-இல் விற்பனைக்கு வந்த வண்டி அது. 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்துவிட்டது. என்ஜின் பழுதானால் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பொருத்தலாம்தான். ஆனால் எந்த என்ஜின், யாரிடம் சொல்லிவிட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இதற்கானது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. ஈக்கோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு 1.5 லிட்டர் டீசலை வைத்தால், கன அளவும் எரிபொருளும் சிலிண்டர் எண்ணிக்கையும் மாறிவிடுகின்றன. கூடுதல் இழுவைக்காக இப்படி ஆசைப்படுவது இந்தத் தடைக்குள் வந்துவிடும். 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தடையை உறுதிப்படுத்தியது. விதிகளைக் காட்டி 52-ஆம் பிரிவை மீற முடியாது என்றது.

சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற மாற்று எரிசக்திக்கு மாற சட்டமே வழிவிட்டிருக்கிறது. ஆனால் அந்த வண்டிக்கென ஒப்புதல் பெற்ற மாற்றுக் கருவித் தொகுப்பை (கிட்) மட்டுமே பொருத்த வேண்டும்.

அதே மாடலின் அதே வகை என்ஜின் என்றால் நிலைமை வேறு. அப்போது மாறுவது என்ஜின் எண் மட்டுமே. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே ஒப்புதல் பெறுவது நல்லது. முன் ஒப்புதலின்றி என்ஜினை மாற்றியிருந்தால், 14 நாட்களுக்குள் தெரிவித்து, பதிவுச் சான்றிதழையும் (ஆர்.சி.) கட்டணத்தையும் செலுத்திப் புதிய எண்ணைப் பதிய வேண்டும் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. கடன் நிலுவையில் இருந்தால், கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் முதலில் தேவை.

பழைய என்ஜின் வாங்குவோர் ரசீது இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு ரத்தாகிவிட்டதா என்று கேட்டு ஆவணம் வாங்குங்கள். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். எண் பொறிக்காத புதிய பிளாக் (என்ஜினின் உடற்பகுதி) கிடைத்தாலும், பழைய எண்ணை நீங்களே அதில் பொறித்துவிடாதீர்கள். பழைய பிளாக்கை அப்படியே வைத்துக்கொண்டு பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றினால் எண் மாறுவதில்லை. எனவே பதிவுச் சிக்கலும் இல்லை. பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு, 2019 திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அதைவிடப் பெரிய இழப்பு விபத்தின்போது வரக்கூடும்: பாலிசியில் ஓர் எண், வண்டியில் வேறொரு எண் இருந்தால் இழப்பீட்டில் தகராறு நிச்சயம். ஆகவே திருத்திய ஆர்.சி. கைக்கு வந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்து, பாலிசியில் எண்ணை மாற்றி வாங்குங்கள். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் ஆய்வாளர் என்ஜின் எண்ணைச் சரிபார்ப்பார்.