உங்கள் பெயரில் வாரண்ட் இருக்கிறதா? கோர்ட் பதிவை நீங்களே பார்ப்பது எப்படி

போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் தன் மேல் வாரண்ட் இருப்பதே பலருக்குத் தெரிகிறது. வீடு மாறியிருப்பார்கள், சம்மன் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கும். ஜாமீனில் வந்தவர் இரண்டு மூன்று வாய்தாவுக்குப் போய்விட்டு, பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். செக் மோசடி வழக்கில் 'பேசி முடித்துவிட்டோமே' என்று நம்பி, கோர்ட்டில் வழக்கை முடிக்காமல் விட்டிருப்பார்கள். பெயர் கூப்பிட்டு ஆள் இல்லை என்றதும் நடுவர் பிடியாணை போட்டுவிடுவார்.

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் நடக்கும் பெரும்பாலான வழக்குகளின் நிலையை யார் வேண்டுமானாலும், பணம் கட்டாமல், போனிலேயே பார்க்கலாம். அதற்கு வக்கீல் குமாஸ்தாவின் தயவு தேவையில்லை. ஆனால் 'வாரண்ட் பட்டியல்' என்று தனியாகத் தேடிப் பார்க்கும் பொது வசதி இங்கே கிடையாது. வாரண்ட் என்பது ஒரு வழக்கில், ஒரு வாய்தா தேதியில் போடப்பட்ட உத்தரவு. வழக்கைப் பிடித்தால்தான் வாரண்டைப் பிடிக்க முடியும்.

வழக்கைத் தேடுவது

மத்திய அரசும் உச்ச நீதிமன்றத்தின் மின்குழுவும் சேர்ந்து நடத்தும் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' இணையதளமும் அதே பெயரிலான செயலியும்தான் இதற்கு வழி. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று பதினாறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. முதலில் மாநிலத்துக்கு டி.என்., அடுத்து மாவட்டத்துக்கு இரண்டெழுத்து, நீதிமன்றத்துக்கு இரண்டு இலக்கம், பிறகு ஆறு இலக்க வரிசை எண், கடைசியில் ஆண்டு. இந்த எண் கையில் இருந்தால் ஒரே தட்டில் வழக்கு வந்துவிடும். ஒருமுறை கிடைத்ததும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண் தெரியாதவர்கள் பெரும்பாலும் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். இதில்தான் நிறையப் பேர் 'ஒன்றும் இல்லை' என்று தவறாக முடிவு கட்டுகிறார்கள். பதிவுகள் ஆங்கிலத்தில் ஏற்றப்பட்டவை. முருகேசன் என்ற பெயரைக் காவல் நிலையத்தில் எப்படி எழுதினார்களோ அப்படித்தான் அது கணினியில் இருக்கும். 'க' வரும் இடத்தில் ஜி இருக்கலாம், கே இருக்கலாம். முழுப் பெயரையும் போடாமல் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போடுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள். வழக்கு பதிவான ஆண்டைச் சரியாகக் கொடுங்கள். உறுதியில்லை என்றால் முன்னும் பின்னும் ஓராண்டு மாற்றிப் பாருங்கள். நிலுவை, முடிந்தது என இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

பெயரைவிட நம்பகமானது குற்ற எண். எஃப்.ஐ.ஆரில் இருக்கும் குற்ற எண், ஆண்டு, காவல் நிலையம் மூன்றையும் கொடுத்தால் எழுத்துப் பிழைத் தொல்லை இல்லாமல் வழக்கு வந்து நிற்கும். எஃப்.ஐ.ஆர். நகல் இல்லாதவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் இணையச் சேவையில் அதைத் தேடிப் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எஃப்.ஐ.ஆர். நிலையிலேயே இருக்கும் வழக்குக்குக் கோர்ட்டில் சி.சி. எண், அதாவது கோர்ட் தரும் வழக்கு எண், விழுந்திருக்காது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நடுவர் கோப்புக்கு எடுத்த பிறகுதான் அந்த எண் வரும். ஆகவே இ-கோர்ட்ஸில் வழக்கு தெரியவில்லை என்பதை வைத்து வழக்கே இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

திரையில் என்ன படிக்க வேண்டும்

வழக்கைத் திறந்ததும் மேலே அடுத்த வாய்தா தேதியும் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். அங்கேயே சில சமயம் 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்' என்று இருக்கும். ஜாமீனில் விட முடியாத பிடியாணை நிலுவையில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். அதோடு நிறுத்தாமல் கீழே வழக்கு வரலாற்றுக்கு வாருங்கள். ஒவ்வொரு வாய்தா தேதியும் அழுத்தக்கூடிய இணைப்பாக இருக்கும். அழுத்தினால் அன்று கோர்ட்டில் நடந்தது இரண்டு வரியில் வரும்.

'அக்யூஸ்டு ஆப்சென்ட், நோ ரெப்ரசன்டேஷன், இஷ்யூ என்.பி.டபிள்யூ.' என்று இருந்தால் எதிரியும் (குற்றம் சாட்டப்பட்டவரை கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) வரவில்லை, அவர் சார்பில் மனுவும் இல்லை, அன்றே வாரண்ட் பிறந்துவிட்டது. '317 பெட்டிஷன் அலவுடு' என்றிருந்தால் வக்கீல் மனுப் போட்டு, அன்றைக்கு ஆஜராவதிலிருந்து விலக்கு வாங்கியிருக்கிறார், பயமில்லை. 2024 ஜூலை 1-ல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) என்ற புதுச் சட்டம் வந்துவிட்டதால் இதே மனு இப்போது 355-வது பிரிவில் போடப்படுகிறது. 'ரீகால்டு' என்றிருந்தால் வாரண்ட் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொரு சொல் 'ஸ்பிளிட் அப்'. நான்கு பேர் எதிரிகளாக இருந்து ஒருவர் மட்டும் தொடர்ந்து வரவில்லை என்றால், மற்ற மூவரின் விசாரணை தேங்காமலிருக்க அவர் மேலான வழக்கைப் பிரித்துப் புது எண் கொடுப்பார்கள். பழைய எண்ணைப் பார்த்தால் 'விடுதலை, வழக்கு முடிந்தது' என்று இருக்கும். கூட இருந்தவர்களும் 'கேஸ் முடிஞ்சுபோச்சு' என்று சொல்லிவிடுவார்கள். வாரண்டோ புது எண்ணில் உயிரோடு இருக்கும். நண்பர்கள் கூட்டத்தோடு வழக்கில் மாட்டியவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

குற்ற வழக்கில் மட்டும் வாரண்ட் வருவதில்லை. சிவில் கோர்ட்டில் கடன் வழக்கில் தீர்ப்பான பிறகு, பணத்தை வசூலிக்க 'அரெஸ்ட் இ.பி.', அதாவது கடனாளியைக் கைது செய்யக் கேட்கும் தீர்ப்பு நிறைவேற்ற மனு, போடுவார்கள். அதை இ.பி. என்ற வகையில் தனியாகத் தேட வேண்டும். பணம் கட்டச் சொல்லும் சிவில் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அப்படிக் கைது செய்வோம் என்று பெண்களை மிரட்டினால் நம்ப வேண்டாம்.

இணையத்தில் தெரிவது தகவல்தானே தவிர, சான்றிட்ட நகல் அல்ல. வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ மேல்முறையீட்டுக்கோ காட்ட வேண்டுமானால் அந்த நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். வழக்கில் தொடர்பில்லாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டியிருக்கும். குற்றப்பத்திரிகை நகலை மட்டும் எதிரி காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆஜரான 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 230-வது பிரிவு சொல்கிறது. போன் இல்லாதவர்கள், படிக்கச் சிரமப்படுபவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள இ-சேவை மையத்தில் கேட்டால் வழக்கு நிலையைப் பார்த்துச் சொல்வார்கள்.

ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நாடு இது. பதிவில் இருப்பவர் நீங்கள் தேடும் ஆள்தானா என்று காவல் நிலையம், ஊர், ஆண்டு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரிடமும் எதையும் சொல்லிவிடாதீர்கள். சம்பந்தம் பேசும் இடத்தில் இப்படி ஒரு தவறான தகவல் போனால் ஒரு குடும்பமே தலைகுனிந்து நிற்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் வாரண்ட்

முத்திரையும் கையெழுத்துமாக வாட்ஸ்அப்பில் ஒரு 'பிடியாணை' வந்து, வீடியோ அழைப்பில் ஒருவர் போலீஸ் உடையில் மிரட்டினால் அது மோசடி. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை. எந்த நீதிமன்றம், என்ன வழக்கு எண், சி.என்.ஆர். என்ன என்று கேளுங்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு நீங்களே தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். உண்மையான வாரண்டோடு வரும் காவலர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் வாரண்டைக் காட்ட வேண்டும். இது பி.என்.எஸ்.எஸ். 77-வது பிரிவில் இருக்கும் உங்கள் உரிமை. வீட்டில் ஒருவரை அழைத்துப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை என்றால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். கைதானவர்களின் பெயரும் குற்றத்தின் தன்மையும் காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது அதே சட்டத்தின் 37-வது பிரிவு.

வாரண்ட் இருப்பது தெரிந்துவிட்டால்

ஓடக் கூடாது, நாள் கடத்தவும் கூடாது. ஐந்து வருடம் ஆகிவிட்டது, காலாவதியாகியிருக்கும் என்ற நினைப்பு தவறு. நிறைவேற்றப்படும் வரை, அல்லது போட்ட நீதிமன்றமே ரத்து செய்யும் வரை வாரண்டுக்கு உயிர் உண்டு. அதைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். 72-வது பிரிவுதான் ரத்து செய்யவும் வழி தருகிறது.

வக்கீலோடு அந்த நீதிமன்றத்துக்கே காலையில் நேரில் போய் ரீகால் மனுத் தாக்கல் செய்வதுதான் வழக்கம். ஆஸ்பத்திரிச் சீட்டு, வேலை பார்த்த இடத்தின் கடிதம், வீடு மாறியதற்கான ஆதாரம் எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் தானாக வந்து நின்றவரையும் நடுவர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. புதிதாக ஜாமீன்தாரர் கேட்கலாம், அபராதம் போடலாம். நீண்ட காலம் தலைமறைவாக இருந்திருந்தால் ரிமாண்ட் செய்யும் வாய்ப்பும் உண்டு. அதையும் யோசித்துத்தான் போக வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். உதவி எண் 15100.

ரீகால் ஆனதோடு வேலை முடிந்துவிடாது. ரத்தான வாரண்டைக் காட்டிக் கைது செய்யப்பட்ட ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் வந்த அந்தத் தீர்ப்பில், வாரண்டுகளுக்கு வரிசை எண்ணோடு பதிவேடு வைக்க வேண்டும், ரத்தானால் காவல் நிலையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று நெறிமுறைகள் வகுத்தார்கள். ஆனாலும் கோர்ட்டிலிருந்து நிலையத்துக்குத் தாள் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ரீகால் உத்தரவின் நகலை வாங்கி, நிலையத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். சில நாள் கழித்து இ-கோர்ட்ஸில் அதே சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, 'ரீகால்டு' என்று ஏறியிருக்கிறதா, அடுத்த வாய்தா என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.