'தினமும் ஒரு ஓட்டு போடுங்க சார்': விருதுக்கு ஓட்டுக் கேட்கும் பெற்றோருக்கு

எங்கள் மைதானத்து வாட்ஸ்அப் குழுவை நான் தொடங்கியது இரண்டே காரியத்துக்கு. மழை வந்தால் பயிற்சி உண்டா இல்லையா என்று சொல்ல, போட்டி நுழைவுக்குக் கடைசித் தேதி சொல்ல. இந்த மாதம் அதில் வந்ததில் பாதிக்கு மேல் ஒரே செய்திதான். "நம்ம பொண்ணு சிறந்த இளம் வீராங்கனை விருதுக்குத் தேர்வாகியிருக்கா. லிங்க்கைத் திறந்து போன் நம்பர் போட்டு, வர்ற ஓடிபியைப் போட்டா ஒரு ஓட்டு. தினமும் ஒரு ஓட்டு போடுங்க சார். தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க." போன சீசனில் குண்டு எறியும் பையன் ஒருவனுக்காக இதே கூத்து நடந்தது. அப்போதே வாயால் சொன்னேன், யார் காதிலும் விழவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அந்தப் பெண் 400 மீட்டர் தடை ஓட்டக்காரி. இரண்டு 300 மீட்டருக்கு நடுவே எட்டு நிமிடம் ஓய்வு கொடுத்தால், மெல்ல நடந்து மூச்சைச் சீராக்க வேண்டிய நேரத்தில் பையிலிருந்து போனை எடுக்கிறாள். "நாலாவது இடத்துக்கு இறங்கிட்டேன் சார்" என்கிறாள். அடுத்த 300ஐ அவள் ஓடிய லட்சணத்தை எழுதாமல் விடுகிறேன். முதல் இடத்தில் இருந்த பையன் பெரிய பள்ளியில் படிக்கிறான். அங்கே ஒவ்வொரு வகுப்புக் குழுவுக்கும் அவனுடைய லிங்க் போகிறது. இவள் ஊரில் மொத்தமே ஒரு தெருவும் சொச்சமும்தான். அந்த ரேங்க் பட்டியல் காட்டியது இந்த வித்தியாசத்தைத்தான். அவன் என்ன விளையாடுகிறான் என்றுகூட அவனுக்கு ஓட்டுப் போட்ட பலருக்குத் தெரிந்திருக்காது. இவளுக்குப் போட்டவர்கள் கதையும் அதேதான்.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. தடைக்குத் தடை 35 மீட்டர். ஆறாவது தடைவரை அவள் 17 ஸ்டெப்பில் வந்துவிடுவாள். அதற்குமேல் கால் சோர்ந்து 18 ஆகும். ஒற்றைப்படை இரட்டைப்படை ஆனால் தடைக்கு மேல் முன்னே வீசும் கால் மாறிவிடும். இடதுகாலை வீசிப் பழகியவள் வலதுகாலை வீசியாக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த இடத்தில் குட்டிக் குட்டி ஸ்டெப் வைத்துத் தடுமாறுவார்கள், அதில் அரை விநாடிக்கு மேல் போய்விடும். இவள் இரண்டு காலிலும் தாண்டப் பழகிக்கொண்டாள். ஒரு வருட உழைப்பு அது. ஸ்டாப்வாட்சுக்குத் தெரியும், பக்கத்து லேனில் ஓடுகிறவளுக்கும் தெரியும். லிங்க்கைத் திறந்தவருக்குத் தெரிந்தது அவளுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

"ஆனா சார், மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயிச்சா அது மக்கள் தீர்ப்புதானே?" என்று அப்பா ஒருவர் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது இந்தக் கேள்வியில்தான். தேர்தலில் மக்கள் தீர்ப்பு செல்லும். உங்களை ஆள யார் வேண்டும் என்று கேட்கிறார்கள், அதற்கு விடை மக்களிடம் மட்டும்தான் இருக்கிறது. யார் நன்றாக ஓடினார் என்பது அப்படியல்ல. அது ஏற்கெனவே மைதானத்தில் நடந்து முடிந்துவிட்டது. லட்சம் பேர் சேர்ந்து கையைத் தூக்கினாலும் ஒருத்தியின் நேரம் பத்தில் ஒரு விநாடி குறையாது. நேரத்தை வைத்து அளக்க முடியாத விளையாட்டுகளில் கணிப்பு வேண்டும், உண்மைதான். அந்தக் கணிப்பையும் ஆட்டத்தைப் பார்த்தவர்தானே சொல்ல வேண்டும்?

பெரிய இடத்திலேயே இது எப்படிப் போகிறது என்று பாருங்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கித் தங்கம் பெல்ஜியத்துக்கு, வெண்கலம் இந்தியாவுக்கு. அரையிறுதியில் நம்மை 5-2 என்று வென்றதும் பெல்ஜியம்தான். அந்த ஆட்டத்தில் மட்டும் அலெக்சாண்டர் ஹென்ட்ரிக்ஸ் 3 கோல் போட்டார், போட்டி முழுக்க 14. பெண்கள் பிரிவில் நெதர்லாந்து தங்கம், இந்தியா நான்காம் இடம். அதே ஆண்டு அக்டோபரில் சர்வதேச ஹாக்கி சம்மேளனம் தன் விருதுகளை அறிவித்தது. சிறந்த வீரர், வீராங்கனை, கோல்கீப்பர்கள், இளம் ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் என்று மொத்தம் எட்டு. எட்டும் இந்தியாவுக்கு! ஹர்மன்பிரீத் சிங், குர்ஜித் கவுர், ஸ்ரீஜேஷ், சவிதா, விவேக் சாகர் பிரசாத், ஷர்மிளா தேவி, பயிற்சியாளர்கள் கிரஹாம் ரீட், ஷோர்ட் மரைன். தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளர் ஷேன் மெக்லியோட் வெறுங்கையோடு நின்றார். இந்த வாக்களிப்பு முறையே தோற்றுவிட்டது என்று பெல்ஜியம் ஹாக்கி அமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. வயிற்றெரிச்சல் என்று நம்மவர்கள் சிரித்தார்கள்.

கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசிச் சில விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்து, 1980க்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை உறுதி செய்தவர் அவர். 2022இல் விருதுக்கு ஓட்டுப் போட நிபுணர் குழுவையும் சேர்த்து, 40 சதவீத எடையை அதற்குக் கொடுத்து முறையை மாற்றினார்கள். அப்போதும் ஹர்மன்பிரீத், ஸ்ரீஜேஷ், சவிதா மூவரும் வென்றார்கள். ஆக இவர்கள் தகுதியில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. எட்டுக்கு எட்டு என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

"ரசிகர்கள் ஓட்டு கால் பங்குதானே, மீதியைத் தேசிய சங்கங்களும் பத்திரிகையாளர்களும் போட்டார்களே?" என்று கேட்பார்கள். சரிதான். 2021இல் தேசிய சங்கங்களுக்கு 50 சதவீதம், ஊடகத்துக்கு 25, ரசிகர்களும் ஆட்டக்காரர்களும் சேர்ந்து 25. கால் பங்கு என்றால் சின்னது என்று தோன்றும், அங்கேதான் ஏமாறுகிறோம். கற்பனைக்கு ஒரு கணக்குப் போடுங்கள். ஆறு பேர் போட்டியில் இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களின் 75 புள்ளி ஆறாகப் பிரிந்து ஆளுக்குப் பன்னிரண்டரை என்று வைப்போம். ரசிகர்களின் 25இல் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 20, ஒரே ஆளுக்குப் போகிறது. மீதி 5 மற்ற ஐவருக்கும் ஆளுக்கு ஒன்று. அவருக்கு முப்பத்திரண்டரை, மற்றவர்களுக்குப் பதின்மூன்றரை. தெரிந்தவர்களின் கருத்து பிரிந்து நிற்கும், ஒரு நாட்டின் பாசம் பிரியாது. 130 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டையும் ஒரு கோடியைச் சொச்சம் தாண்டிய பெல்ஜியத்தையும் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் நிறுத்திவிட்டு, ஆட்டத்தில் யார் சிறந்தவர் என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

நம்ம ஆள் ஜெயிக்கும்போது இது தெரியாது. 2021 பிப்ரவரிக்கு ஐசிசியின் மாதத்தின் சிறந்த வீரர் நம்ம சென்னை அஷ்வின். இங்கிலாந்துக்கு எதிராக 3 டெஸ்டில் 24 விக்கெட், 176 ரன், அதில் சேப்பாக்கத்தில் 106. கொடுத்ததில் குறையே இல்லை. ஆனால் அவரோடு பட்டியலில் இருந்த கைல் மேயர்ஸ் யாரென்று அன்று எத்தனை பேருக்குத் தெரியும்? மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதல் டெஸ்ட் ஆடுகிறார். சட்டோகிராமில் வங்கதேசம் 395 என்று இலக்கு வைக்கிறது. ஆட்டமிழக்காமல் 210 அடித்து ஜெயித்துக் கொடுக்கிறார். எங்கள் குழுவில் அந்த மாதம் அஷ்வினுக்கு ஓட்டுப் போடச் சொல்லி வந்த செய்திகளில் மேயர்ஸ் பேரே இல்லை. ஐசிசி அந்த விருதில் ரசிகர் ஓட்டுக்கு 10 சதவீதம்தான் வைத்திருக்கிறது. மீதி 90, முன்னாள் வீரர்களும் ஒளிபரப்பாளர்களும் செய்தியாளர்களும் அடங்கிய குழுவுக்கு. இருக்க வேண்டிய அளவு இதுதான் என்பது என் கட்சி.

இது இன்று நேற்று வந்ததும் அல்ல, இணையத்தால் வந்ததும் அல்ல. 1957இல் அமெரிக்க பேஸ்பாலில் எல்லா அணிகளின் நட்சத்திரங்களும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குச் சின்சினாட்டி ரசிகர்கள் தங்கள் அணியிலிருந்தே 7 பேரைத் தொடக்க ஆட்டக்காரர்களாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். உள்ளூர்ப் பத்திரிகை பெயர்களை நிரப்பியே ஓட்டுச்சீட்டை அச்சிட்டுக் கொடுத்தது. பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் இரண்டு பேரை நீக்கிவிட்டு வேறு அணிகளின் வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் போட்டார். ரசிகர்களின் ஓட்டுரிமையும் பறிபோனது, அது மறுபடி கிடைத்தது 1970இல். 1991இல் பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதுக்குத் தூண்டில்காரர் பாப் நட்டுக்கு ஓட்டு குவிந்தது, மீன்பிடிப் பத்திரிகை ஒன்றின் பிரசாரத்தால். பிபிசி அந்த ஓட்டுகளைத் தள்ளிவிட்டு ஓட்டக்காரி லிஸ் மெக்கோல்கனுக்கு விருது கொடுத்தது. ஓட்டுக் கேட்டுவிட்டு ஓட்டைத் தள்ளுவதா என்று கேட்டால், அந்தக் கேள்வியும் நியாயம்தான். தள்ள வேண்டி வரும் ஓட்டை ஏன் கேட்கிறீர்கள்?

மக்கள் ஓட்டே கூடாது என்பவன் அல்ல நான். 2016க்கான ஃபிஃபா புஷ்காஷ் விருது, ஆண்டின் அழகான கோலுக்கு, மலேசியாவின் பினாங்கு அணிக்கு ஆடிய முகமது ஃபைஸ் சுப்ரிக்குக் கிடைத்தது. பந்து காற்றில் அப்படி வளைந்து திரும்பிய ஃப்ரீகிக் அது. உள்ளூர் லீக்கில் விழுந்த ஒரு கோலை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது இணைய ஓட்டு. இரண்டு ஆண்டு கழித்து அதே முறையில் முகமது சாலா ஜெயித்தபோது, ரொனால்டோவும் கேரத் பேலும் தலைகீழாகப் பறந்து அடித்த கோல்களை விட்டுவிட்டு இதற்கா என்று கேட்காதவர் இல்லை. 2019இலிருந்து இறுதி முடிவில் முன்னாள் நட்சத்திரங்களின் குழுவைக் கொண்டு வந்தார்கள். லாரியஸ் என்ற உலக விளையாட்டு விருதுகளில் 2000 முதல் 2020 வரைக்குமான சிறந்த தருண விருதை, 2011 உலகக் கோப்பை வென்ற இரவில் சச்சினைத் தோளில் தூக்கிச் சென்ற காட்சிக்கு மக்கள் ஓட்டு கொடுத்தது. அதில் எனக்கு வழக்கே இல்லை. எந்தக் காட்சி நெஞ்சில் நின்றது என்பதை என் ஸ்டாப்வாட்ச் சொல்ல முடியாது.

இனி காரியத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுக்குத் தேர்வு என்று செய்தி வந்ததும் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பெயர்ப் பட்டியலை யார் போட்டார்கள், எதை வைத்துப் போட்டார்கள், ஓட்டுக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். விளையாட்டுத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஆள் பதில் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். "விருது உறுதி, விழாவுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்க" என்றால் அது விருது இல்லை, வியாபாரம். காசு கட்டினால் கூடுதல் ஓட்டு என்பதும் அதே ரகம். அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல ஸ்பைக்ஸ் ஷூ வரும்.

ஓடிபி விஷயம். எந்த ஓட்டுக்காக இருந்தாலும், வந்த எண்ணை இன்னொருவருக்குச் சொல்லவே கூடாது. "ஓட்டு கோடு வந்திருக்கும், சொல்லுங்க" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரும், ஏனென்றால் அவர் கணக்கை ஏற்கெனவே பறித்திருப்பார்கள். உங்களுக்கு வந்த அந்த 6 இலக்கம் உங்கள் வாட்ஸ்அப்பையே இன்னொரு போனில் திறக்கும் சாவியாக இருக்கலாம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று இருக்கிறது, இன்றே போட்டுவிடுங்கள். பெண் பிள்ளையின் போட்டோ, பள்ளி பெயர், பயிற்சி நேரம், போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே போஸ்டரில் போட்டு ஊர் முழுக்க அனுப்பாதீர்கள். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன்னொன்று. அந்த விருதால் வேலை கிடைக்கும், சீட்டு கிடைக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள். மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்கும் படிவங்கள் தனி. நாட்டுக்காக ஆடியதற்கு ஒன்று, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. கையெழுத்துப் போட வேண்டியவர் யார் என்பதும் அந்தப் படிவத்திலேயே இருக்கும். ஓட்டு வாங்கி ஜெயித்த கோப்பைக்கு அதில் கட்டம் கிடையாது. ஆகவே மாநிலப் போட்டிச் சான்றிதழில் பெயரின் இனிஷியலும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒரு எழுத்து மாறியதால் அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஓட்டுப் போடத்தான் வேண்டும் என்றால் போடுங்கள், தடுக்கவில்லை. பட்டியலில் இருக்கும் மற்றவர்களின் ஆட்டத்தையும் ஒரு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போடுங்கள், அவ்வளவுதான். பிள்ளையிடம் ரேங்க் சொல்லாதீர்கள். பயிற்சி நேரத்தில் போன் என் மேசை டிராயரில் இருக்கும், இது இன்று முதல் விதி.

மாவட்டப் போட்டி நெருங்குகிறது. நேரம் குறிக்க ஆள் குறைவு, விழுந்த தடைகளைத் தூக்கி நிறுத்தவும் ஆள் வேண்டும். வர முடிந்த பெற்றோர் குழுவில் பெயர் போடுங்கள், காலை 6 மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும்.