முதல் இருபது நிமிடம் கேமரா பையிலேயே இருக்கட்டும்

பாறைகள் நிறைந்த கடற்கரைக்குப் படம் எடுக்க வருபவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்த உடனே முக்காலியை விரித்துவிடுகிறார்கள். கடற்கரைப் படங்களைத் தொழிலாகச் செய்பவன், புதியவர்களை உடன் அழைத்துச் சென்று பழக்குபவன் என்ற முறையில் அவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: முதல் இருபது நிமிடம் கேமராவை வெளியே எடுக்காமல், அலை எட்டாத உயரத்தில் நின்று கடலையும் பாறையையும் பார்த்துக்கொண்டிருங்கள். ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் பாறைக்குள் என்ன கதை இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில்தான் கண்ணுக்குப் புலப்படுகின்றன.

அலைகள் எப்போதும் ஒரே சீராக வருவதில்லை. தொலைவில் எங்கோ வீசிய புயலில் எழுந்த அலைகள் கூட்டம் கூட்டமாகக் கரை சேர்வதால், பத்து நிமிடம் அமைதியாகக் கிடந்த பாறையின் மேல் அடுத்து வரும் மூன்று நான்கு அலைகள் ஆளைச் சாய்க்கும் வேகத்தில் ஏறிவிடும். இரண்டே நிமிடம் பார்த்துவிட்டு 'அலை இதுவரைதான் வரும்' என்று முடிவு கட்டுபவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். பாறையிலும் தடயம் உண்டு. கொட்டலசுகள், அதாவது பாறையோடு ஒட்டி வாழும் சிறு ஓட்டு உயிரிகள், அடர்ந்து ஒட்டியிருக்கும் உயரம் கடல்நீர் வழக்கமாக ஏறி இறங்கும் இடம். அதற்கு மேலே கறுத்துக் கிடக்கும் பட்டை, திவலை பட்டு நனைந்துகொண்டே இருக்கும் இடம். அந்தக் கறுப்பில் கால் வைத்தால் வழுக்கும்.

கடல் ஏற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாளுக்கு இருமுறை ஏற்றம் வரும் கரைகளில் நீர் வற்றி முடிந்து மறுபடி நிறைய ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது என்றாலும், மொத்த உயர்வில் பாதி நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த ஏற்றம் வழக்கத்தைவிட அதிகம். பல ஆண்டுகளுக்கு முன், நீர் வற்றியிருந்த வேளையில் தனித்து நின்ற ஒரு பாறைத்தூண் வரை நடந்து சென்றேன். சாய்ந்த மாலை வெயிலில் அது சுமை தூக்கிக் குனிந்து நிற்கும் கிழவியைப் போலவே தெரிந்தது. அவள் முகத்திலேயே முக்கால் மணி நேரம் கண் பதித்திருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கணுக்கால் நனையாமல் நான் தாண்டி வந்த பிளவில் இடுப்புக்கு மேல் நீர் சுழன்றுகொண்டிருந்தது. முக்காலியை விட்டுவிட்டு, பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி கரை சேர்ந்தேன். அன்று முதல், ஏற்றம் தொடங்கும் நேரத்துக்குக் கைப்பேசியில் மணி வைக்காமல் நான் கரையில் இறங்குவதில்லை.

பாறையில் முகம் தெரிவது மனித மூளையின் இயல்பு. பரிடோலியா என்று அதற்குப் பெயர். உச்சி வெயிலில் வெறும் கல்லாகத் தெரிவது, வெயில் பக்கவாட்டில் விழும்போது பிளவுகளில் நிழல் தேங்கி, கண்குழியும் மூக்கும் உள்ள உருவமாகிவிடுகிறது. பழங்கதைகள் இந்த ஒளியை அறிந்தே பிறந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஐஸ்லாந்தின் தென்கரையிலுள்ள ரெய்னிஸ்ட்ராங்கர் தூண்களை, கப்பலைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தபோது பொழுது விடிந்துவிட்டதால் கல்லாய்ச் சமைந்த பூதங்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். எந்த நேரத்தில் படம் எடுக்க வேண்டும் என்பதைக் கதையே சொல்லிவிடுகிறது. அந்தத் தூண்களை நோக்கியிருக்கும் ரெய்னிஸ்பியாரா கரையில், எதிர்பாராமல் உள்ளே ஏறி வந்த அலைகள் சுற்றுலாப் பயணிகளின் உயிரைப் பறித்திருக்கின்றன என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

வட அயர்லாந்தின் ராட்சதர் பாதையில் ஏறக்குறைய 40,000 கருங்கல் தூண்கள் உள்ளன. ஃபின் மெக்கூல் என்ற ராட்சதன் ஸ்காட்லாந்துக்குப் போட்ட பாதை அது என்பது கதை. எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கி விரிசல் விட்டதால் உண்டானவை என்பது நிலவியல். ஆயினும் கடலுக்கு அப்பால், ஸ்காட்லாந்தின் ஸ்டாஃபா தீவிலும் அதே வகைத் தூண்கள் நிற்கின்றன. இரு கரைகளிலும் ஒரே கல்லைக் கண்டவர்களின் கூர்மை அந்தக் கதைக்குள் இருக்கிறது.

நீங்களே ஒரு கதையைக் கற்பனை செய்தால், அது ஷட்டர் வேகத்தையும் முடிவு செய்யும். முப்பது வினாடி திறந்து வைத்தால் கடல் பனிமூட்டமாகி, பாறை மேகத்தில் நிற்கும். ஒரு வினாடி என்றால் வடியும் நுரை வெள்ளைக் கோடுகளாக நீளும். என் கிழவிக்கு நான் தேர்ந்தது ஒரு வினாடிதான், அவள் நடந்து வந்த தடம் போல நுரை பின்னால் இழுபட்டது. படத்தின் கீழே எழுதும்போது மட்டும் இது என் கற்பனை என்று தெளிவாக எழுதுங்கள். அந்த ஊர் மக்கள் சொல்லாத கதையை அவர்களுடைய தொன்மம் என்று பரப்புவது, அவர்களிடம் உண்மையாகவே உள்ள கதையை மறைத்துவிடும்.

பாறைகள் நிலையானவை என்று நம்பி வளைவுகளின் மேல் ஏறாதீர்கள். ஆஸ்திரேலியாவில் லண்டன் பாலம் என்று அழைக்கப்பட்ட பாறை வளைவு 1990இல் இடிந்தபோது, கடல் பக்கம் சிக்கிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டரில் மீட்க வேண்டியிருந்தது. மால்டாவின் அஸூர் விண்டோ என்ற பாறை வளைவு 2017 மார்ச்சில் புயலில் விழுந்தது. இன்று அது படங்களில் மட்டுமே இருக்கிறது. இதனால்தான் ஒவ்வோர் ஆண்டும் ஒரே மேட்டிலிருந்து, ஒரே லென்ஸில், தேதி குறித்துக் கிழவியைப் படம் எடுத்து வருகிறேன். அவள் முதுகுச் சுமையின் இடது ஓரத்தில் ஒரு துண்டு இப்போது இல்லை. நேரில் நிற்கும்போது அது எனக்குத் தெரியவில்லை. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.