691 கிகாஹெர்ட்ஸைப் பிடிப்பது எப்படி?

விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களில் உள்ள கார்பன் மோனாக்சைடு, 115, 230, 345 என்று தொடங்கி 691 கிகாஹெர்ட்ஸையும் தாண்டி ரேடியோ அலைகளை உமிழ்கிறது. 691-ல் வரும் பலவீனமான சிக்னலை இரைச்சல் சேர்க்காமல் நேரடியாகப் பெருக்குவது ரொம்பக் கடினம். அதனால் ஏற்பியிலேயே 685 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உருவாக்கி, வந்த சிக்னலோடு கலக்கிறார்கள். வித்தியாசமான 6 கிகாஹெர்ட்ஸை சாதாரண டிரான்சிஸ்டர் பெருக்கியே பார்த்துக்கொள்ளும்.

கலக்கும் வேலையைச் செய்வது ஒரு மீக்கடத்திச் சந்தி (மீக்கடத்தி என்றால் கடும் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்). இரண்டு நயோபியம் படலங்கள், நடுவில் சுமார் 1 நானோமீட்டர் தடிமனில் அலுமினிய ஆக்சைடு. நயோபியம் 9.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகும். சந்தியை 4 கெல்வினில் வைப்பார்கள். மின்னழுத்தம் சுமார் 2.8 மில்லிவோல்ட்டைத் தொடும்வரை மின்னோட்டம் அநேகமாக இல்லை. தொட்டதும் சட்டென்று எகிறும். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவைத்தால், போதாமல் இருக்கும் ஆற்றலை ஒரு ஃபோட்டானே கொடுத்து எலக்ட்ரானை மறுபக்கம் அனுப்பிவிடும். இந்த வகைக் கலப்பில் இரைச்சலைக் குவாண்டம் எல்லைக்கு (இயற்பியல் விதிகள் அனுமதிக்கும் மிகக் குறைந்த அளவுக்கு) அருகே கொண்டுவர முடியும் என்று 1979-ல் இயற்பியலாளர் ஜான் டக்கர் கோட்பாட்டில் காட்டினார்.

சரி, வடிவமைப்பில் எங்கே சிக்கல்? அந்த மெல்லிய சந்தி ஒரு மின்தேக்கியும்கூட. ஒரு சதுர மைக்ரான் பரப்புக்குச் சுமார் 70 ஃபெம்டோஃபாரட். கேட்க அற்பம்தான், ஆனால் 691 கிகாஹெர்ட்ஸில் அதன் மறுப்பு, அதாவது மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 3 ஓம் சொச்சம். சிக்னல், எலக்ட்ரான்கள் ஆக்சைடைத் துளைத்துப் பாயும் சுரங்க மின்னோட்டத்தைத் தொடாமல் அந்தக் குறுக்கு வழியாகவே ஓடிவிடும். இதைச் சரிக்கட்ட, சந்தியை ஒட்டியே சில மைக்ரான் அகலத்தில் ஒரு நயோபியம் பட்டையை வரைகிறார்கள். அது தூண்டியாக நின்று தேக்கத்தை ஈடுகட்டும். சந்தியின் பரப்பு கொஞ்சம் பிசகினாலும் ஒத்திசைவு, அதாவது இரண்டும் ஈடாகும் அதிர்வெண், நகர்ந்துவிடும், செய்து முடித்த சில்லில் அப்புறம் கைவைக்கவும் முடியாது. ஆக்சைடை இன்னும் மெல்லியதாக்கினால் அலைவரிசை அகலும், கூடவே கசிவும் ஏறும். என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான வித்தை இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

சுமார் 700 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் நயோபியமே கைவிடுகிறது. மீக்கடத்தலுக்குக் காரணமான அதன் எலக்ட்ரான் இணைகளையே ஃபோட்டான்கள் உடைப்பதால், ஒத்திசைக்க வைத்த பட்டை சிக்னலை விழுங்கிவிடும். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உள்ள அல்மா தொலைநோக்கி, 787 முதல் 950 கிகாஹெர்ட்ஸ் வரையிலான ஏற்பிகளில் நயோபியம் டைட்டானியம் நைட்ரைடைத் துணைக்கு அழைத்தது இதனால்தான்.

இன்னும் மேலே போக வேறு உத்தி: சில நானோமீட்டர் தடிமனுள்ள நயோபியம் நைட்ரைடு படலத்தின் எலக்ட்ரான்களைச் சூடாக்கி, மின்தடை மாறுவதை அளப்பது. 2009-ல் ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்கலம் சுமார் 1.9 டெராஹெர்ட்ஸ் வரை இப்படித்தான் கேட்டது. ஆனால் எலக்ட்ரான்கள் ஆறவும் நேரம் வேண்டுமே. அதனால் வித்தியாச அதிர்வெண்ணைச் சில கிகாஹெர்ட்ஸுக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.