ஓ.டி. கடிதம் முதல் ஃபார்ம் 3 வரை: மலைக் கல்லூரிகளில் விளையாடும் மாணவர்களுக்கு என்னென்ன உண்டு?

ஊட்டி, குன்னூர், கூடலூர், கொடைக்கானல் கல்லூரிகளில் படித்துக்கொண்டே ஓட்டம், கால்பந்து, கபடி, வாலிபால் என்று விளையாடுகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கென்று அரசும் பல்கலைக்கழகமும் வைத்திருக்கும் சலுகைகளும் குறைவில்லை. ஆனால் ஒரே பெயரில், ஒரே விண்ணப்பத்தில் இவை கிடைப்பதில்லை. வருகைப் பதிவு விதியில் ஒன்று, பாடத்திட்டத்தின் பகுதி 5-இல் ஒன்று, விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் ஒன்று, வேலைவாய்ப்பு விதியில் ஒன்று என்று சிதறிக் கிடக்கின்றன. முதல் வருடமே இவற்றைத் தெரிந்துகொண்ட மாணவர் படிப்பையும் விடாமல் விளையாட்டையும் விடாமல் போகலாம். மூன்றாம் வருடத்தில் தெரிய வந்தால் பாதி கைநழுவியிருக்கும்.

சேர்க்கையிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் சிறப்பு ஒதுக்கீடாக உண்டு. ஊட்டி, கூடலூர் அரசுக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவினரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பொறியியல் கலந்தாய்வில் மாநிலம் முழுவதுக்கும் 500 இடங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு. விண்ணப்பிக்கும்போதே அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுச் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். பிறகு கல்லூரிக்குப் போய்க் கேட்டால் நடக்காது.

ஓ.டி.: போவதற்கு முன்பே வாங்க வேண்டியது

இனி சொல்வதுதான் மிக முக்கியம். நன்றாக விளையாடும் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது வருகைப் பதிவில்தான்.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வையுங்கள். தேர்வு எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை தேவை, அதாவது 68 நாள். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வான ஒரு மாணவிக்குப் பயிற்சி முகாம் 10 நாள், தென்மண்டலப் போட்டி பயணத்தோடு 7 நாள், அதில் தகுதி பெற்று அகில இந்தியப் போட்டிக்குப் போனால் இன்னும் 8 நாள் என்று கொள்வோம். மொத்தம் 25 நாள் போய்விட்டது. மிச்சம் 65 நாள், 72 சதவீதம். இதுகூட ஒரு நாளும் காய்ச்சலில் படுக்காமல், மழையில் மண் சரிந்து பஸ் நிற்காமல் இருந்தால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர் பக்கமும், அக்டோபருக்குப் பிறகு கொடைக்கானல் பக்கமும் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த 25 நாளும் 'ஓ.டி.' என்று, பணி நிமித்தம் என்று பதிவாகிவிட்டால் அவை வருகை நாட்களாகவே கணக்கில் வரும். பதிவாகாவிட்டால் அந்த மாணவி 'ஆப்சென்ட்'. 65 சதவீதத்துக்கும் 75 சதவீதத்துக்கும் இடையில் வருகை இருப்பவர்கள், குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதப் பல பல்கலைக்கழகங்களில் வழி உண்டு. கல்லூரிக்காக விளையாடப் போன பிள்ளை அந்தப் பணத்தைக் கட்டும் நிலை வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தடுக்கும் வழி ஒரு தாளில் இருக்கிறது.

அணிப் பட்டியல் வந்த அன்றே உடற்கல்வி இயக்குநரிடம் போட்டி அறிவிப்பின் நகலை வாங்குங்கள். புறப்படும் நாள், திரும்பும் நாள், பயண நாட்கள் மூன்றையும் எழுதி, உடற்கல்வி இயக்குநர், வகுப்பு ஆசிரியர், துறைத்தலைவர், முதல்வர் என்ற வரிசையில் கையெழுத்து வாங்கி ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பயண நாட்களைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள். நீலகிரியின் கலைக் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. மலையிறங்கிப் போய் ரயிலேறி வேறு மாநிலத்துக்குப் போகும் அணிக்கு, கோவை மாணவரைவிட முன்னும் பின்னும் நேரம் கூடுதலாகவே போகும். அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் வேண்டாம். திரும்பியதும் அணி மேலாளரின் வருகைச் சான்றையோ பங்கேற்புச் சான்றிதழையோ இணைத்து, அந்த மாத வருகைக் கணக்கை முடிப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கேத்தி சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி போல அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில், முன் அனுமதி பெற்று விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்களுக்கு வருகை 65 சதவீதம் வரை குறைந்தாலும் தளர்வு தரலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. முன் அனுமதி இல்லாவிட்டால் அந்தத் தளர்வு கிடையாது.

ஓ.டி. கிடைத்தால் வருகை கிடைக்கும். பாடம் கிடைக்காது. தவறவிட்ட ஆய்வகப் பயிற்சியைச் செய்துதான் ஆக வேண்டும், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். இன்டர்னல் தேர்வு அந்த நாட்களில் வந்தால், மறுதேர்வு வைக்கும்படி அதே ஓ.டி. கடிதத்தில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். இன்டர்னல் மதிப்பெண் 25 என்றால் அதில் எட்டு பத்து போவது சிறிய விஷயமல்ல. வகுப்பில் ஒரு தோழியிடமோ தோழனிடமோ தினமும் குறிப்பெடுத்துப் படம் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனால், திரும்பியபின் மலைப்பாக இருக்காது. நல்ல ஆசிரியர்கள் இருக்கும் துறைகளில் மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விட்ட பாடத்தைச் சொல்லித் தருகிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

செமஸ்டர் தேர்வு மோதினால்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். ஆடுபவர் முழுநேர மாணவராக, 17 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். பல போட்டிகள் ஆண்டின் பிற்பகுதியில் வருகின்றன, நம் பருவத் தேர்வு நவம்பரில். மோதல் வரத்தான் செய்யும்.

இன்டர்னல் தேர்வைக் கல்லூரியே மறுபடி வைக்கலாம், செமஸ்டர் தேர்வை அப்படி வைக்க முடியாது. அது பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையில் இருக்கிறது. ஹால் டிக்கெட் நகல், அணித் தேர்வுக் கடிதம், போட்டி அட்டவணை மூன்றையும் சேர்த்து முதல்வர் வழியாக முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். இது கோரிக்கைதான், தானாகக் கிடைத்துவிடும் உரிமை இல்லை. அனுமதி வராவிட்டால் அந்தத் தாள் அரியராகும். அடுத்த பருவத்தில் எழுதித் தேறலாம், ஆனால் முதல் முயற்சியிலேயே எல்லாத் தாளும் தேறியவர்களுக்கு மட்டும் தரும் ரேங்க் பட்டியலில் இடம் போய்விடும். ரேங்க் எதிர்பார்க்கும் மாணவர் இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

கொடைக்கானல் மாணவிகளுக்கு ஒரு வசதி உண்டு. 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் மலையிலேயே இருக்கிறது. அதன் வளாகத்தில் படிப்பவர்களுக்கு அணித் தேர்வும் தேர்வுப் பிரிவும் பக்கத்திலேயே.

பகுதி 5-உம் ஊர்ப்பணியும்

இளங்கலைப் பாடத்திட்டத்தில் பகுதி 5 என்று விரிவாக்கப் பணிக்கு ஒரு இடம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதற்கு கிரெடிட் உண்டு. பட்டம் வாங்க அது கட்டாயம்.

இங்கே பலர் யோசிக்காமல் நண்பர்கள் சேரும் அமைப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். 1969 செப்டம்பர் 24-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். பல்கலைக்கழக அணியில் இருப்பவருக்கு அந்த ஏழு நாள் போட்டியோடு மோதினால் இரண்டும் கெடும். தொடர்ந்து போட்டிக்குப் போகிறவர் விளையாட்டையே பகுதி 5-ஆக எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி அளவோடு நிற்பவர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டுக்கும் நேரம் இருக்கும்.

ஆனால் விளையாட்டை எடுத்துக்கொண்டதால் ஊரோடு உறவு வேண்டாம் என்று ஆகிவிடாது. இந்த மலைகளில் அது மிகவும் தேவைப்படுகிறது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழ்கிறார்கள். பழனி மலையில் பளியர்களும் புலையர்களும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் வளரும் பிள்ளைகள் பலருக்கு ஓட்டத்தையோ பந்தையோ முறையாகச் சொல்லித்தர ஆளில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே வளர்ந்த அந்தக் கால்களுக்குச் சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சி தர, அதே மலையில் பிறந்து கல்லூரி அணியில் ஆடும் ஒரு அண்ணனோ அக்காவோ போனால், அந்தப் பிள்ளைகள் விளையாட்டோடு கல்லூரி என்ற ஒன்றையும் கண்ணால் பார்க்கிறார்கள். 'நம்ம ஹட்டி (ஊர்) அண்ணன் காலேஜுக்குப் போறார்' என்று ஒரு குழந்தை சொல்வதன் பலன் எந்த விழிப்புணர்வுப் பேரணியிலும் வராது.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர் இதைத் தத்தெடுத்த கிராமத்துப் பணியாகவே செய்யலாம். திட்ட அலுவலரிடம் முன்பே சொல்லி, தேதி, நேரம், வந்த பிள்ளைகள் எண்ணிக்கையைப் பணி நாட்குறிப்பில் எழுதி, பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்தும் வாங்கினால் அந்த மணி நேரம் கணக்கில் சேரும். பள்ளிக்குள் போவதற்குத் தலைமையாசிரியரின் எழுத்து அனுமதி அவசியம். மாணவிகளுக்குப் பயிற்சி என்றால் கூட ஒரு ஆசிரியை இருக்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் மாலை நான்கு மணிக்குள் முடித்துவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள வழிகளில் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும்.

பணமும் பஸ்ஸும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். முன்னது 2022 செப்டம்பரிலும் பின்னது 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள். புதுமைப் பெண் தொகையை வேறு கல்வி உதவித்தொகை வாங்குகிறவர்களும் பெறலாம். ஷூ, பயிற்சிச் சாப்பாடு, பஸ் கட்டணம் என்று மாதச் செலவுக்குப் பல வீடுகளில் இந்த ஆயிரம்தான் துணை. ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு வேண்டும்.

பஸ்ஸைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பாஸ் உண்டு. மகளிர் கட்டணமில்லாப் பயணத் திட்டம் 2024-இல் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்குக் காலைப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இது நல்ல உதவி.

2023-இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, போட்டிக்கான பயணம், உபகரணம் போன்றவற்றுக்கு உதவுகிறது. விண்ணப்பம் இணையவழிதான். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாநில அளவில் தனிநபர் போட்டிகளில் முதல் மூன்று பரிசுகள் 1 லட்சம், 75 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய். நீலகிரிக்கு மாவட்ட விளையாட்டு அலுவலகம் ஊட்டியில். கொடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பிள்ளைகள் திண்டுக்கல்லுக்கு இறங்க வேண்டும் என்பதால், மாவட்டப் போட்டித் தேதியை முன்பே விசாரித்து வைப்பது அவசியம். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் வீரராகத் தேர்வாகிறவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகை உண்டு. அந்த இடம் மிகச் சிலருக்கே கிடைக்கும்.

ஃபார்ம் 3-ஐ விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. எந்தப் போட்டிகள் தகுதியானவை என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கேட்கும் சான்று ஃபார்ம் 3. போட்டியில் தரும் வண்ணச் சான்றிதழ் போதாது. பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் பொறுப்பு அலுவலர் கையெழுத்திட்ட அந்தப் படிவம் வேண்டும். படிப்பு முடிந்து நான்கு வருடம் கழித்துத் தேடிப் போனால் அலுவலர் மாறியிருப்பார், கோப்பும் எங்கே என்று தேட வேண்டும். போட்டி முடிந்த அதே ஆண்டில் வாங்கி, அசலை நெகிழியுறையில் வைத்து, ஸ்கேன் செய்த நகலை மின்னஞ்சலில் போட்டுவையுங்கள்.

ஓ.டி. மறுக்கப்பட்டாலோ வருகை பதிவாகாவிட்டாலோ வாயால் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். 2023-இன் யு.ஜி.சி. விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அந்தக் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் தீராவிட்டால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவோடு ஓ.டி. கடிதத்தின் நகலையும் மேலாளரின் சான்றையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.