தலைமாட்டில் ஒரு தைலப் பாட்டில்

ஊட்டியிலிருந்து இறங்கும் பேருந்துகளில் வர்க்கிப் பொட்டலத்தோடு நீலகிரித் தைலமும் எங்கள் ஊருக்கு வந்து சேரும். மேட்டுப்பாளையத்தில் இருபது வருடங்களாக மருத்துவம் பார்க்கிறேன். தைலம் இல்லாத வீட்டைப் பார்த்ததாக நினைவில்லை. தலைவலிக்கு, சளிக்கு, மூட்டுவலிக்கு. இப்போது தூக்கத்துக்கும்.

ஒரு மழைக்கால இரவில், கிளினிக்கை மூடும் நேரத்தில், ஒரு அம்மாயி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். பையனுக்கு இரண்டரை வயது. இருமலில் தூங்காமல் புரண்டுகொண்டிருந்தான் என்று இருமல் மருந்து கொடுக்கப் போயிருக்கிறார். கரண்ட் இல்லை. அலமாரியில் கைக்கு அகப்பட்ட பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் ஊட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். வரும் வழியிலேயே வலிப்பு. “டானிக்குனு நெனச்சு ஊத்திப் போட்டனுங்க டாக்டர்” என்று நடுங்கியவரின் கைக்குள் அந்தப் பாட்டில் அப்படியே இருந்தது. நீலகிரித் தைலம். வலிப்பை நிறுத்தி, ஆக்ஸிஜன் வைத்து, கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்து வந்தான்.

அந்த அம்மாயிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. இது ஒரு ஸ்பூனில் குழந்தையைச் சாய்க்கும் பொருள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. இலையிலிருந்து எடுத்தது, நம் மலையில் விளைந்தது, அப்புறம் என்ன கெடுதல் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

தைல மரம் நம் மலையில் பிறந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, 1840-களில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக நீலகிரியில் நட ஆரம்பித்தார்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி, பெரிய கொப்பரையில் நீராவியில் வேகவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்தால் தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும். கொப்பரை நிறைய இலை போட்டாலும் கிடைப்பது கொஞ்சம் தைலம்தான். அதில் முக்கால்வாசி சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மாதிரி இதை நினைக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அவை கொழுப்பு, நாம் சாப்பிடுகிறோம். இது கொழுப்பே அல்ல, இலையின் காட்டமான சாரம். இரண்டையும் நம் மொழியில் ‘எண்ணெய்’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

இதே வகைச் சாரங்கள்தான் இன்று அரோமாதெரபி என்ற பெயரில் விற்கின்றன. லாவெண்டர், லெமன்கிராஸ், பெப்பர்மின்ட், டீ ட்ரீ. அரோமாதெரபி என்ற சொல்லை உருவாக்கியவர் காட்டெஃபோஸே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1930-களில் அது புழக்கத்துக்கு வந்தது. இந்த எண்ணெயின் வாசனையை அறைக்குள் பரப்பும் டிஃப்யூசர் கருவியைக் கல்யாணப் பரிசாகவே இப்போது கொடுக்கிறார்கள். “லாவெண்டர் போட்டா தூக்கம் வருமா டாக்டர்?” என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.

வரலாம் என்றுதான் பதில் சொல்கிறேன். மணத்துக்கு மூளையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பார்ப்பதும் கேட்பதும் தலாமஸ் என்ற இடைநிலையத்தைத் தாண்டித்தான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகும். மணம் அதற்குக் காத்திருக்காமல், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது. பூக்கடையைத் தாண்டும்போது அம்மாவின் ஞாபகம் ஒரே நொடியில் நெஞ்சை அடைப்பது அதனால்தான். தினமும் படுக்கும் நேரத்தில் மட்டும் ஒரே மணத்தை முகர்ந்து பழகினால், ‘இனி ஓயலாம்’ என்று உடம்புக்கு அது அடையாளமாகிவிடும். லாவெண்டர் மனப்பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கிறது, தூக்கத்தின் தரம் சற்று மேம்பட்டதாகச் சிலர் உணர்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றில் பல சிறிய ஆய்வுகள். மாத்திரையைச் சோதிக்கும்போது போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். மணத்தை எப்படி ஒளித்துவைப்பது? முகர்ந்தவருக்கு அது லாவெண்டர் என்று தெரிந்துவிடுகிறதே. அதனால் பலனில் எவ்வளவு பங்கு எண்ணெயுடையது, எவ்வளவு நம்பிக்கையுடையது என்று பிரிப்பது கடினம்.

வாசனை பிடித்திருந்தால், அளவோடு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் நிலை. ஆனால் எல்லா வாசனையும் தூங்கவைக்காது. தூக்கத்துக்காக வாங்கும்போது நம் ஊரில் பலரும் கை நீட்டுவது பழக்கப்பட்ட தைலத்துக்கும் கற்பூரத்துக்கும்தான். இரண்டும் மூளையைத் தூண்டுபவை. வலிப்பை வரவழைக்கக் கூடியவை.

வங்கி ஊழியர் ஒருவர், வயது நாற்பதுக்குள். முதல்முறையாக வலிப்பு வந்து, ஸ்கேனும் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் எடுத்து, காரணம் எதுவும் அகப்படாமல் என்னிடம் வந்தார். மாத்திரை, மது, தூக்கம் என்று வழக்கமான கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்தபின், “தைலம் ஏதாவது போடுவீங்களா?” என்றேன். அவர் மனைவி முந்திக்கொண்டார். “தினமும் ராத்திரி நெத்தியில, மூக்குல, தலகாணியில எல்லாம் தேச்சுட்டுத்தானுங்க படுப்பாரு. அது இல்லாட்டி தூக்கம் வராதுங்க.” நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினேன், அவரும் தைலத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. ஒருவர் கதையை வைத்துத் தைலம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் இதே கேள்வியைத் தங்கள் நோயாளிகளிடம் கேட்டு, நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த பூச்சுகளுக்குப் பிறகு வந்த வலிப்புகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறார்கள். அதில் தைலத்தைக் குடிக்காமல், பூசியும் முகர்ந்தும் மட்டும் வலிப்பு வந்தவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து இந்தக் கேள்வியை நான் யாரிடமும் விடுவதில்லை. ஏற்கெனவே வலிப்பு நோய்க்கு மாத்திரை எடுப்பவர் வீட்டில் இந்த இரண்டும் வேண்டாம்.

கற்பூரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிப் பச்சைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்யும் காரியம். கொரோனா நாட்களில் கற்பூரம், ஓமம், கிராம்பு பொட்டலம் கட்டி முகரச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் செய்தி சுற்றியது. அந்தப் பொட்டலத்தைத் தொட்டிலில் கட்டிவிட்டவர்களை நான் பார்த்தேன். குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் கற்பூரம் உடம்புக்குள் போகும். வாய்க்குள் போனால் ஒரு கிராம், அதாவது ஒன்றிரண்டு வில்லை, சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூசும் மருந்தில் 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் கூடாது என்று அமெரிக்கா 1980-களிலேயே வரம்பு வைத்ததற்கு இந்த விபத்துகள்தான் காரணம். வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எத்தனை சதவீதம் என்று யார் அளந்தார்கள்? இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் கற்பூரமோ நீலகிரித் தைலமோ பெப்பர்மின்ட்டோ நெஞ்சிலும் வேண்டாம், மூக்கடியிலும் வேண்டாம். பெப்பர்மின்ட்டில் இருக்கும் மென்தால் பச்சைக்குழந்தையின் மூச்சையே சட்டென்று பிடித்து நிறுத்திவிடக்கூடும். சளி அடைத்திருந்தால் உப்புநீர் சொட்டு மருந்து போதும்.

ஊட்டிக் கடைகளில் நீலகிரித் தைலத்துக்குப் பக்கத்திலேயே விண்டர்கிரீன் தைலம் இருக்கும். மூட்டுவலி பொறுக்காமல் தூங்க முடியாத பெரியவர்கள் வாங்குவார்கள். அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். ஒரு ஸ்பூன், அதாவது 5 மி.லி., ஏறத்தாழ 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இதய நோயாளிகள் தினமும் போடும் 75 மி.கி. மாத்திரையில் தொண்ணூறுக்கு மேல். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தொடர்ந்து தேய்த்தாலே ரத்தப்போக்கு அபாயம் கூடும்.

டிஃப்யூசர் வைத்திருப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். படுப்பதற்கு முன் அரைமணி நேரம் போதும். கதவை அடைத்து ஏ.சி.யும் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் காலையில் தலைவலியோடுதான் எழுவீர்கள். வீட்டில் ஆஸ்துமா இருந்தால் வேண்டவே வேண்டாம். பூனை வளர்ப்பவர்களும் யோசிக்க வேண்டும். இந்தப் பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தோலில் தடவுவதாக இருந்தால் ஒருபோதும் நேரடியாக வேண்டாம். 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு லாவெண்டர். அது ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவர்களுக்கு அதுவே போதும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். திறந்து வருடக்கணக்கான பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். காற்றுப்பட்ட லாவெண்டர் எண்ணெயில் தோல் ஒவ்வாமையைத் தூண்டும் புதிய பொருட்கள் உருவாகின்றன. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். குடிப்பது யாருக்கும் கூடாது. வெளிநாட்டில் லாவெண்டர் மாத்திரை இருக்கிறதே என்பார்கள். அது அளந்து தரப்படுத்தியது. உங்கள் பாட்டில் அப்படி அல்ல.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதே பல நேரம் சந்தேகம். ‘சுத்தமான மல்லிகை எண்ணெய்’ என்று நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். மல்லிகை நீராவிச் சூட்டைத் தாங்காது. ஹெக்சேன் போன்ற கரைப்பான் ஊற்றித்தான் அதன் சாரத்தை எடுக்கிறார்கள், அதற்கும் கூடை கூடையாகப் பூ வேண்டும். நூறு ரூபாய்க்குக் கிடைப்பது செயற்கை வாசனை. அதைவிட, தலைமாட்டில் நாலு முழம் மல்லிகையோ, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்க் கொத்தோ வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். வாசனை ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, தூக்கம். எண்ணெய் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்பது வேறு கேள்விகள். குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டில் யாராவது பார்த்தார்களா? டிஃப்யூசரோடு ஆறு மாதம் போராடிய ஒரு ஆசிரியைக்குப் பிரச்சினை தூக்கத்தில் மூச்சு அடைபடுவது. சாயங்காலம் ஆறு மணிக் காபியில் பாதி, பதினொரு மணிக்கும் உடம்பில் இருக்கும். வாரத்தில் பல நாட்கள், மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால் முதல் சிகிச்சை எண்ணெயும் அல்ல, மாத்திரையும் அல்ல. தூக்கப் பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் அதைத்தான் முதலில் வைத்தது. என்ன நடந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்வது, கண் சொக்கும்போது மட்டும் திரும்பப் படுப்பது. முதல் இரண்டு வாரம் கொடுமையாக இருக்கும். அந்தக் கொடுமையான வாரங்களில் வெட்டிவேர் வாசம் துணைக்கு இருக்கட்டும்.

இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். தைலம், கற்பூரம், வாசனை எண்ணெய் எல்லாவற்றையும் இருமல் மருந்து அலமாரியிலிருந்து எடுத்து, பிள்ளை கைக்கு எட்டாத, பூட்டுப் போட்ட இடத்துக்கு மாற்றுங்கள். மீறி ஒரு பிள்ளை குடித்துவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பால், மோர் எதுவும் ஊற்ற வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். பிள்ளை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள். அந்த அம்மாயி செய்தது போலப் பாட்டிலையும் கையோடு கொண்டு வாருங்கள். எது, எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நாங்கள் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும்.